கைப்பழகிய துப்பாக்கி: ஆம்பூர் – ஏலகிரி மலைச்சூழலை முன்வைத்துப் படைக்கலப் பற்றின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வேட்டையாளர் ஒருவர் தம் துப்பாக்கிமீது கொள்ளும் தனிப்பற்று, வேட்டை நினைவுநூல்களில் தொடர்ந்து காணப்படும் ஒரு கூறாகும். அப்பற்றை மனநிலை சார்ந்த ஒன்றாக மட்டும் பார்க்கும் போக்கே பெரிதும் நிலவுகிறது. ஆம்பூரை ஒட்டிய ஏலகிரி, ஜவ்வாது மலைச்சூழலை முன்வைத்து அப்பற்றின் வரலாற்று அடிப்படைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. கென்னத் ஆண்டர்சன், ஜிம் கார்பெட் ஆகியோரின் துப்பாக்கிகளும் மலைமக்களின் நாட்டுத்துப்பாக்கியும் ஒப்பிடப்படுகின்றன. பற்றின் அடிப்படை எல்லாரிடத்தும் ஒன்றாகவே இருந்தது. எவருடைய பற்று நினைவாகும், எவருடைய பற்று குற்றமாகும் என்பதைச் சட்டமும் எழுத்துமே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: ஆம்பூர், ஏலகிரி, நடுகல், நாட்டுத்துப்பாக்கி, படைக்கலச் சட்டம், வேட்டை இலக்கியம், கென்னத் ஆண்டர்சன்

முன்னுரை

பாலாற்றங்கரையில் அமைந்த ஆம்பூர் இன்று தோல் பதனிடும் தொழிலாலும் காலணி உற்பத்தியாலும் அறியப்படும் நகரம். அதன் தென்கிழக்கே ஜவ்வாது மலையும் தென்மேற்கே ஏலகிரி மலையும் உள்ளன. மலையும் சமவெளியும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலப்பகுதியின் வரலாற்றில் படைக்கலங்களுக்கு நெடிய இடமுண்டு. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரனின் நடுகல், வேலூர்க் கோட்டைச் சிப்பாயின் துப்பாக்கி, ஆட்கொல்லி விலங்கைத் தேடி வந்த வேட்டையாளரின் ரைஃபிள், மலைக்குடியிருப்பின் நாட்டுத்துப்பாக்கி என அவை பலவகைப்படும்.

இவற்றுள் வேட்டையாளரின் ரைஃபிளைப் பற்றி மட்டுமே விரிவான எழுத்துப் பதிவு உள்ளது. அதன் பெயர், விட்டம், செய்த நிறுவனம், அது கைக்கு வந்த வரலாறு ஆகியன நூல்களில் இடம்பெற்றுள்ளன. நாட்டுத்துப்பாக்கியோ பறிமுதல் பட்டியலில் ஓர் எண்ணாகவே எஞ்சுகிறது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

1. படைக்கலமும் அதனை உடையவனும்: தமிழ் மரபு

படைக்கலத்தை உயிரற்ற கருவியாக மட்டும் கருதாத மரபு தமிழில் தொன்மையானது. தொல்காப்பியப் புறத்திணையியல் வாள்மங்கலம் என்னும் துறையைச் சுட்டுகிறது. அரசனின் வாளைப் போற்றுவது அரசனைப் போற்றுவதற்கு நிகராக அங்கு வைக்கப்பட்டுள்ளது.

புறநானூற்றின் 95ஆம் பாடல் இப்பொருளில் மேலும் நுட்பமானது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். அங்குள்ள வேல்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவையார் கூறுகிறார். அணி செய்து பேணப்படும் படைக்கலம் ஒருவகை. பயன்பட்டுத் தேய்ந்து மீண்டும் மீண்டும் செப்பனிடப்படும் படைக்கலம் மற்றொரு வகை. உடைமைப் பெருமிதத்திற்கும் பழக்கத்தால் விளையும் பற்றுக்கும் இடையிலான வேறுபாட்டை இப்பாடல் தெளிவாக உணர்த்துகிறது. தகடூர் இன்றைய தருமபுரி. தொண்டைமானின் பெயரால் அமைந்த தொண்டை மண்டலத்துள் வேலூர்ப் பகுதி அடங்கும். ஆதலின் இப்பாடலின் நிலவியல் நம் ஆய்வுக்களத்திற்கு அயலானதன்று.

ஆம்பூரிலேயே இதற்கொரு கல்வெட்டுச் சான்று உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த இரு நடுகற்கள் இங்குக் கண்டறியப்பட்டன. ஹுல்ஷ் அவற்றை எபிகிராபியா இண்டிகாவின் நான்காம் தொகுதியில் பதிப்பித்தார். நுளம்பனின் படை ஆநிரை கவர வந்தபோது ஆமையூர் எனப்பட்ட இவ்வூரில் போரிட்டு வீழ்ந்தோரை அவை நினைவுகூர்கின்றன. நடுகல் மரபில் வீரன் வெறுங்கையனாகக் காட்டப்படுவது அரிது. வில்லோ வாளோ கையிலிருக்க, அவன் தன் படைக்கலத்துடனேயே கல்லில் நிற்கிறான். பேரரசன் அல்லாத ஓர் ஊர் வீரனுக்கும் அவன் கருவிக்கும் இடையிலான உறவு பொது நினைவாக ஏற்கப்பட்டிருந்தது என்பதற்கு இந்நடுகற்கள் சான்றாகும்.

2. இரவல் படைக்கலம்: சிப்பாயின் நிலை

கிழக்கிந்தியக் கும்பினியின் படையமைப்பு இவ்வுறவை மாற்றியது. சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கி கும்பினியின் உடைமை. ஒரே அளவில் ஒரே வடிவில் பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்ட அத்துப்பாக்கியை ஒரு சிப்பாயிடமிருந்து வாங்கி மற்றொருவனிடம் தருவதில் படைத்துறைக்குத் தடையேதும் இல்லை. அவன் அதனைத் துடைத்தான், எண்ணெயிட்டான், அதனுடன் நடந்தான். ஆயினும் அது அவனுடையதாகவில்லை.

1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த சிப்பாய் எழுச்சிக்குப் புதிய தலைப்பாகை ஓர் உடனடிக் காரணமாயிற்று. அதில் பொருத்தப்பட்ட தோல் சின்னமும், சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் விதிக்கப்பட்ட தடையும் சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்தன. உடலோடு ஒட்டியிருக்கும் பொருள் எதுவும் அதனை அணிபவனுக்குப் பொருளற்றதாக இருப்பதில்லை என்பதைப் படைத்துறை அன்று உணரவில்லை. தலையில் அணிவதற்குப் பொருந்தும் இவ்வுண்மை கையில் ஏந்துவதற்கும் பொருந்தும். சிப்பாய்க்கும் துப்பாக்கிக்கும் இடையிலான பற்று இருந்திருக்கலாம். அதனைப் பதிவு செய்யும் ஏடு எதனையும் படைத்துறை வைத்திருக்கவில்லை. அதன் ஏடுகளில் இருந்தவை எண்ணிக்கையே.

3. கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர்

தனி உடைமையாகிய ரைஃபிளின்மீது கொண்ட பற்றுக்குத் தென்னிந்தியாவின் சிறந்த சான்று கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரில் வாழ்ந்த இவர், சேலம், வட ஆர்க்காடு, சித்தூர், மைசூர்ப் பகுதிக் காடுகளில் வேட்டையாடியவர். 1954இல் வெளிவந்த முதல் நூலில் தொடங்கி, ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் பற்றிய பல நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். ஏலகிரி மலையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றிய அவரது கட்டுரை நம் ஆய்வுக்களத்தோடு நேரடித் தொடர்புடையது. ஆம்பூருக்கு அடுத்துள்ள ஜோலார்ப்பேட்டைச் சந்திப்பிலிருந்து காணத்தக்க தொலைவில் உள்ள மலை அது. ஏலகிரி அடங்கிய திருப்பத்தூர் வட்டம் 1911இல் சேலம் மாவட்டத்திலிருந்து வட ஆர்க்காட்டிற்கு மாற்றப்பட்டது. 2019 முதல் ஏலகிரியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.

ஆண்டர்சனின் நூல்களில் அவருடைய .405 வின்செஸ்டர் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. 1895ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் இந்த நெம்புகோல் ரைஃபிளை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். .405 தோட்டா 1904இல் அறிமுகமாயிற்று. அதன் குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு இவ்வகை ரைஃபிளைக் கொண்டுசென்றார். இந்தியாவில் வேட்டையாடிய ஆங்கிலேயருள் செல்வர் பலர் இலண்டன் நிறுவனங்களின் விலையுயர்ந்த இரட்டைக்குழல் ரைஃபிள்களையே விரும்பினர். அவற்றோடு நோக்க, வின்செஸ்டர் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட எளிய கருவியே.

எனவே ஆண்டர்சனின் பற்றை விலையோ அழகோ விளக்கிவிட இயலாது. அது பழக்கத்தால் விளைந்தது. இரவில் மரத்தின்மீது கட்டிய பரணில் அமர்ந்து, குழலோடு பிணைத்த கைவிளக்கின் ஒளியில் குறிபார்க்கும் வேட்டையாளருக்குச் சிந்திக்கக் கிடைக்கும் நேரம் சில நொடிகளே. பின்கட்டை தோளில் எங்குப் படியும், விசை எவ்வளவு அழுத்தத்தில் விடுபடும், நெம்புகோலை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்ற எவ்வளவு நேரமாகும், குண்டு எத்தொலைவில் எவ்வளவு தாழும் ஆகியவற்றை அவர் கண் அறியாமலே கை அறிந்திருக்க வேண்டும். ஒரே மாதிரியில் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளும்கூட இவற்றில் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. காயமுற்ற சிறுத்தை பாய்ந்து வரும்போது அறியாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது உயிருக்கு இடர். பற்று என நாம் கூறுவது, பல ஆண்டுகளில் உடலில் படிந்த அறிவின் மறுபெயர் எனலாம்.

4. கார்பெட்டின் இரு துப்பாக்கிகள்

குமாவூன் மலைப்பகுதியின் ஜிம் கார்பெட் (1875–1955) இதற்கொரு ஒப்புமை. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்டுக் கொன்றதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு .275 ரிக்பி ரைஃபிள் ஒன்றை அளித்தார். அதன் பின்கட்டையில் இச்செய்தி பொறித்த வெள்ளித் தகடு பதிக்கப்பட்டது. கார்பெட்டுக்குப் பின் அந்த ரைஃபிள் அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வசம் இருந்தது. 2015இல் ரிக்பி நிறுவனமே அதனை மீண்டும் வாங்கியது. ஒரு ரைஃபிளின் பிறப்பு, கைமாற்றம், இறுதி இருப்பிடம் ஆகிய அனைத்தும் இங்கு ஆவணமாகியுள்ளன.

நம் வினாவுக்கு இதனினும் முதன்மையானது கார்பெட்டின் முதல் துப்பாக்கி. 1953இல் வெளிவந்த தம் இளமைக்கால நினைவுநூலில் அவர் அதனைக் குறிப்பிடுகிறார். அது வாய்வழி மருந்திடும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. குழல்களுள் ஒன்று வெடித்துப் பயனற்றுப்போனது. குழலும் பின்கட்டையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. உறவினர் ஒருவர் தந்த அந்தத் துப்பாக்கியைச் சிறுவன் கார்பெட் பெருஞ்செல்வமாகக் கருதினான்.

பித்தளைக் கம்பியால் கட்டிய இத்துப்பாக்கிக்கும் ஜவ்வாது மலைவாழ் குடியானவரின் நாட்டுத்துப்பாக்கிக்கும் கருவி என்ற அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் ஒன்று உலகெங்கும் படிக்கப்படும் இளமைக்கால நினைவாயிற்று. மற்றொன்று வழக்குப் பொருளாயிற்று.

5. நாட்டுத்துப்பாக்கி: கருவியும் அறிவும்

ஏலகிரி, ஜவ்வாது மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகத் தம் தொன்மத்தைக் கூறுவோர். சாமை, கேழ்வரகு முதலிய பயிர்களைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பது மலைவேளாண்மையின் நிலையான தேவை. நாட்டுத்துப்பாக்கி வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் பயன்பட்ட கருவியாகும்.

அதன் இயக்கம் எளியதாகத் தோன்றினும் அதற்கு வேண்டிய அறிவு மிகுதி. குழலின் வாய்வழியே அளந்த கரிமருந்தை இட வேண்டும். அதன்மேல் நாரையோ கந்தையையோ வைத்துக் கோலால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பின்னர் ரவையோ குண்டோ இட்டு மீண்டும் அடைக்க வேண்டும். மருந்து குறைந்தால் விலங்கு காயத்தோடு தப்பும். மிகுந்தால் குழல் வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கும். ஈரக்காற்றில் மருந்து பற்றாமல் போகும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுட நேரம் பிடிக்கும். உள்ளூர்க் கொல்லர் செய்த குழல் எதுவும் மற்றொன்றைப் போன்றதன்று. ஆகவே அதற்குரிய மருந்தின் அளவை அதனை உடையவரே அறிவார். தொழிற்சாலை ரைஃபிளைக் கற்றவர் எவரும் ஓரளவு இயக்க இயலும். நாட்டுத்துப்பாக்கியோ அறியாதவர் கையில் அவருக்கே பகையாகும். இந்நோக்கில், உடையவரோடு கூடுதலாகப் பிணைந்த கருவி நாட்டுத்துப்பாக்கியே.

ஆண்டர்சனின் எழுத்திலேயே இதற்குச் சான்று உண்டு. அவர் தமக்குக் காட்டைக் கற்பித்தவராக மதித்த பைரா என்னும் பூசாரி, சின்னாற்றுப் பகுதிக் காடுகளில் வாழ்ந்தவர். 1954ஆம் ஆண்டு நூலில் ஆண்டர்சன் அவருக்கெனத் தனி இயலே அமைத்தார். பைராவிடம் இருந்ததும் உரிமமற்ற பழைய துப்பாக்கியே. அதனை ஆண்டர்சன் அறிந்திருந்தும் நண்பராகவே பழகினார். ஒரே காட்டில், ஒரே நெருப்பின் அருகே அமர்ந்த இருவருள் ஒருவர் தம் துப்பாக்கியைப் பெயர் சொல்லி எழுத முடிந்தது. மற்றவர் அதனை மறைக்க வேண்டியிருந்தது. பைராவின் துப்பாக்கியைப் பற்றி நாம் அறிவனவும் ஆண்டர்சனின் எழுத்து வழியாகவே கிட்டுகின்றன.

6. சட்டம் வகுத்த எல்லை

இவ்வேறுபாட்டின் வேர் சட்டத்தில் உள்ளது. பாளையக்காரர் போர்களுக்குப் பின் 1801இல் தென்தமிழகத்தில் மக்களிடமிருந்து படைக்கலங்களைக் களையும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. லிட்டன் பிரபு காலத்துப் படைக்கலச் சட்டம் 1878இல் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்றும் ஐரோப்பியருக்கு விதிகளின் வாயிலாக விலக்கு உண்டு என்றும் நிலை உருவாயிற்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தது. அவற்றுள் வேட்டையும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இவ்விரு சட்டங்களும் சேர்ந்தபோது மலைவாழ் குடியானவரின் துப்பாக்கியும் அவர் நடமாடிய காடும் ஒருங்கே அரசின் பார்வைக்குள் வந்தன. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் முந்தையதன் இடத்தைப் பெற்றது. உரிம முறை தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆண்டர்சன் போன்றோரின் வேட்டை உலகையும் முடிவுக்குக் கொண்டுவந்தது.

சட்டம் வேறாக அமைந்திருந்தால் பற்றின் வரலாறும் வேறாக அமைந்திருக்கும் என்பதற்கு அண்டையிலுள்ள குடகு சான்று. குடவர்கள் 1861இல் படைக்கலக் களைவிலிருந்து விலக்குப் பெற்றனர். அவ்விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019இல் நடுவணரசு அதனை 2029 வரை நீட்டித்தது. அங்கு ஆண்டுதோறும் நிகழும் கைல்போது விழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து, மலர் சூட்டி வழிபடுகின்றனர். அம்மலர் துப்பாக்கிப்பூ என்று பொருள்படும் பெயரால் வழங்கப்படுகிறது. தமிழில் நாம் செங்காந்தள் என்பதும் அதுவே. ஆண்குழந்தை பிறந்தால் ஒரு வெடியும் இறப்பு நேர்ந்தால் இரு வெடியும் வெடிப்பது அவர்தம் மரபு. அங்குத் துப்பாக்கி குடும்பத்தின் உறுப்பு. விழாவும் சடங்கும் வழக்காறும் அதனைச் சூழ்ந்து வளர்ந்தன. ஜவ்வாது மலையில் அத்தகைய வெளிப்படையான சடங்குக்கு இடமில்லாது போனது. மறைத்து வைக்க வேண்டிய பொருளுக்கு விழா எடுக்க இயலாது.

7. சமவெளியின் பங்கு

இவ்வரலாற்றில் ஆம்பூரின் தோல் தொழிலுக்கும் தொடர்பு உண்டு. தென்னிந்தியத் தோல் பதனிடுதல் நெடுங்காலம் ஆவாரம் பட்டையைச் சார்ந்திருந்தது. கரடுகளிலும் புதர்க்காடுகளிலும் வளரும் ஆவாரையே அதன் மூலப்பொருள். இவ்வாறு பதனிடப்பட்ட சென்னை மாகாணத் தோல், முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்காகப் பெருமளவில் வாங்கப்பட்டது. காட்டுப் பட்டையின் துணையால் பதமான தோல் படைவீரனின் காலில் ஏறியது. போருக்கான பொருளை இந்நிலம் வழங்கலாம். போர்க்கருவியை வைத்திருக்கலாகாது என்பதே அன்றைய ஆட்சியின் நிலைப்பாடாக இருந்தது.

கருவிப் பற்று வேட்டைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் தோல் தொழில் உணர்த்துகிறது. பச்சைத்தோலின் உட்புறச் சதையைக் கையால் சீவி அகற்றும் தொழிலாளி, தன் கைக்குப் பழகிய கத்தியைப் பிறரிடம் தரத் தயங்குவார். தோல் கிழியாமல் எவ்வளவு அழுத்தலாம் என்பதை அக்கத்தியோடு சேர்த்தே அவர் கை கற்றுள்ளது. வேட்டையாளரின் பற்றும் இத்தகையதே. அதற்குத் தனி மறைபொருள் எதுவும் தேவையில்லை.

8. ஓர் எச்சரிக்கை

நாட்டுத்துப்பாக்கிமீதான பற்றை விளக்குவது அதனைப் போற்றுவதாகாது. உரிமமற்ற துப்பாக்கிகளால் மனிதர் உயிரிழந்ததும் உண்டு. காட்டுயிர் அழிந்ததும் உண்டு. அதுபோலவே வேட்டை நினைவுநூல்களின் வீரச் சொல்லாடலும் ஐயத்தோடு படிக்கத்தக்கது. ஆட்கொல்லிகளைத் தவிர எண்ணற்ற விலங்குகள் பொழுதுபோக்குக்காகவே கொல்லப்பட்டன. இக்கட்டுரை கேட்பது துப்பாக்கிக்கான உரிமையையன்று. அதனோடு வாழ்ந்த மக்களின் அறிவுக்கு வரலாற்றில் உரிய இடத்தையே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. வேட்டையாளரின் துப்பாக்கிப் பற்று விலையாலோ அழகாலோ தோன்றுவதன்று; உயிரிடர் மிகுந்த பணியில் உடல் பெற்ற அறிவால் தோன்றுவது. அவ்வறிவு ஆண்டர்சனிடம் இருந்தது போலவே பைராவிடமும் இருந்தது. ஆமையூர் நடுகல் காலத்தில் ஊர் வீரனும் தன் படைக்கலத்தோடு நினைவுகூரப்பட்டான். குடியேற்ற ஆட்சியின் உரிம முறை அந்நினைவை ஒருசாராருக்கு மட்டும் உரியதாக்கியது. ஒருசாரார் எழுதினர்; மறுசாரார் மறைத்தனர். மறைத்தவற்றுக்கு ஆவணம் இல்லாது போனது.

இக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்யும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. நாட்டுத்துப்பாக்கிகள் காவல்துறையிடமும் வனத்துறையிடமும் ஒப்படைக்கப்படும்போது, எண்ணிக்கையோடு அவற்றின் அமைப்பும் செய்முறையும் பதிவு செய்யப்படலாம். குழலடித்த கொல்லர் மரபு, மருந்தளவைக் குறித்த வாய்மொழி அறிவு, பயிர்க்காவல் நினைவுகள், உறுப்புகளுக்கு வழங்கிய சொற்கள் ஆகியன முதியோரிடமிருந்து தொகுக்கப்படலாம். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளரும் சொல்லாய்வாளரும் இணைந்து செய்ய வேண்டிய பணி இது. கார்பெட்டின் ரைஃபிளுக்கு ஒரு வெள்ளித் தகடு உண்டு. மலைக்குடியின் துப்பாக்கிக்கு அத்தகையதொரு தகடு தேவையில்லை. அதனைக் கையாண்டவரின் அறிவைக் கூறும் ஒரு பக்கக் குறிப்பேனும் நம் வரலாற்றில் இருத்தல் வேண்டும்.